வலசையும் வாக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழனிமலையின் தென்சரிவில் வெள்ளகவி என்றோர் ஊர் உண்டு. மேலே வட்டக்கானல், கீழே பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை. இவ்விரண்டுக்கும் நடுவே, காப்பியும் எலுமிச்சையும் வாழையும் விளையும் சரிவில் அமைந்த சிற்றூர் அது. கோடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார் குடியேறிய 1845ஆம் ஆண்டுக்கு முன்பே இருந்த ஊர் எனச் சொல்லப்படுவது. தலைமுறை தலைமுறையாக அவ்வூரார்க்கு வழி என்றால் நடைவழிதான். சுமையை மனிதர் தலையிலோ குதிரையின் முதுகிலோ ஏற்றிச் சென்றனர். ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்னும் வழக்கத்தை அம்மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

வெள்ளகவி என்ற பெயரைக் கேட்டதும் கவிஞர் உள்ளம் ‘கவி’ என்ற சொல்லில் மயங்குவது இயல்பு. ஆனால் இவ்வூரை வெள்ளகெவி என்றும் எழுதுவர். கெவி என்பது மலைக்குகையையும் ஆழ்ந்த பள்ளத்தையும் குறிக்கும் சொல். கெபி என்பதும் அதுவே. பெயரில் பாட்டு இல்லை, பள்ளம்தான் இருக்கிறது என்று அறியும்போது சிறிது ஏமாற்றம் தோன்றலாம். அந்த ஏமாற்றத்திற்குப் பின்னர்தான் இடம் கண்ணில் படத் தொடங்குகிறது. சொல்லின் அழகில் நின்றுவிடாமல் சொல் சுட்டும் பொருளைப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாகப் பனிக்காலத்தில் வந்து போகும் பறவைகளைக் கொள்ளலாம்.

ஆவணி கழியும் முன்னரே மலையோடைகளில் முதல் விருந்தாளி வந்துவிடும். அது சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல், அடிப்புறம் மஞ்சள், உடலைக்காட்டிலும் நீண்டதோ எனத் தோன்றும் வால். ஓடைப்பாறையில் அமர்ந்து வாலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும். இமயத்திலும் அதற்கு அப்பாலும் கூடு கட்டுகிற குருவி இது. அதனைத் தொடர்ந்து பழுப்புக் கீச்சான் வேலிமுள்ளில் வந்து அமரும். சைபீரியாவும் வடகிழக்கு ஆசியாவும் அதன் பிறந்தகம். இலைக்குருவி இனங்கள் சோலைமரங்களின் உச்சியில் புழு தேடும். ஐப்பசி மழையோடு ஆறுமணிக் குருவி வரும். நடு இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டுத் தென்னாட்டுக்கும் ஈழத்துக்கும் இறங்குகிற பறவை அது. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் மக்கள் அப்பெயர் இட்டனர். கடிகாரம் வந்த பிறகே பிறந்திருக்கக்கூடிய பெயர்! பறவைப் பெயர்கள் யாவும் பழைமையானவை அல்ல. மக்கள் பார்த்துக்கொண்டே இருந்தால் பெயர்களும் பிறந்துகொண்டே இருக்கும் என்பதற்கு இது சான்று.

இவையெல்லாம் பகலில் காணக்கூடியவை. காண அரிதான ஒன்றும் உண்டு. அது மலை உள்ளான். உதிர்ந்த சருகின் நிறமே அதன் நிறம். பகல் முழுவதும் சோலைநிழலில் அசையாது கிடக்கும். காலடியில் இருந்தாலும் புலப்படாது. அந்தி மயங்கியதும் ஈரநிலத்துக்குப் பறந்து வந்து, நீண்ட அலகை மண்ணுள் செலுத்தி மண்புழுவைப் பிடிக்கும். அலகின் நுனி மண்ணுக்குள்ளேயே திறந்து மூடவல்லது. கண்கள் தலையின் பின்பக்கமாகத் தள்ளி அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ நாற்புறமும் அதனால் காண முடியும். இமயத்தில் முட்டையிடும் இப்பறவை பனிக்காலத்தில் நீலகிரி, பழனி முதலான தென்மலைகளின் உயரங்களை நாடி வருகிறது. இடைப்பட்ட சமவெளி முழுவதையும் இரவில் கடந்து, குளிர்ந்த மலையிலிருந்து குளிர்ந்த மலைக்கே அது வந்து சேர்கிறது.

இம்மலையின் பறவைகளை எழுத்தில் பதிந்தவருள் முதன்மையானவர் சாமுவேல் பேக்கன் ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்கப் பாதிரியார். மராத்தி நாட்டில் ஊழியம் செய்த அவர் பழனிமலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். 1877இல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் அவருடைய பட்டியல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1869இல், பிளான்ஃபோர்டு என்ற அறிஞர் இம்மலைக்குரிய சிரிப்பான் ஒன்றுக்கு ஃபேர்பேங்கின் பெயரையே அறிவியற்பெயராகச் சூட்டியிருந்தார். 1895இல் செண்பகனூரில் தொடங்கப்பெற்ற இயேசு சபையாரின் கல்லூரியும் அதன் அருங்காட்சியகமும் அப்பணியைத் தொடர்ந்தன. இவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அந்நாளில் சுமைதூக்கியும் வழிகாட்டியும் உடன் ஏறிய மலைமக்கள் அப்பறவைகளை என்ன பெயரிட்டு அழைத்தனர்? அறிவியற்பெயர் அச்சேறியது, வழிகாட்டியின் வாய்ச்சொல் பெரும்பாலும் காற்றோடு போயிற்று. இழப்பு அங்கே தொடங்குகிறது.

வெள்ளகவிச் சரிவின் ஓடைகள் கீழிறங்கி வைகைப் படுகையைச் சேர்கின்றன. 1959இல் கட்டி முடிக்கப்பெற்ற வைகை அணையைக் கடந்து, மதுரையைத் தொட்டு, இராமநாதபுரத்துக் கண்மாய்களை நிரப்பி, மிஞ்சினால் கடலைக் காண்பது வைகை. மிஞ்சுவது அரிது. அந்த நீரைப் பின்தொடர்ந்து போனால் பறவைகளும் மாறிக்கொண்டே வரும். வாலாட்டி போய் வாத்து வரும். காஞ்சிரங்குளம், சித்திரங்குடி, தேர்தங்கல், சக்கரக்கோட்டை எனக் கண்மாய் தோறும் நாட்டுக்கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். இறுதியில் பாம்பன் துறையும் தனுஷ்கோடி மணல்முனையும் வரும். மலையின் பனிக்காலத்தைத் தேடிப் புறப்பட்டவர், துறைமுகத்தின் பனிக்காலத்தில் வந்து நிற்பார்.

பாம்பன் துறையில் மார்கழி, தை மாதங்களில் மீன்பிடி படகுகள் கரை திரும்பும்போது வெண்ணிறக் கூட்டமொன்று ஆரவாரத்தோடு பின்தொடரும். அவற்றுள் மிகுதியானவை பழுப்புத்தலைக் கடற்காகங்கள். ஆனால் அவற்றின் தலை அப்போது பழுப்பாக இராது. தலை வெள்ளை, காதருகே ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும். லடாக், திபெத்து போன்ற மேட்டுநிலங்களில், 4,000 மீட்டருக்கும் உயர்ந்த ஏரிக்கரைகளில் கூடு கட்டும் பருவத்தில்தான் தலை முழுவதும் பழுப்பாகும். பங்குனியில், புறப்படும் நாள் நெருங்கும்போது, சில பறவைகளின் தலையில் அந்நிறம் ஏறத் தொடங்குவதைத் துறையில் நின்றே காணலாம். மணமகன் விருந்து வீட்டில் கோலம் கொள்ளத் தொடங்கி, பிறந்த ஊரில் போய் மணம் முடிப்பது போன்றது அது.

துறையின் கற்களில் கல்திருப்பி உள்ளான் நடமாடும். பெயருக்கேற்ப, கூழாங்கல்லையும் பாசியையும் அலகால் புரட்டி அடியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்னும். வடதுருவத்தை ஒட்டிய கடற்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது அது. சேற்றுத்திட்டில் கொசு உள்ளான் ஓடும். எடை 30 கிராமைக்கூட எட்டாத அச்சிற்றுயிரும் துருவப்பகுதியிலிருந்தே வருகிறது. ஆலாக்கள் கடல்மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டெனத் தலைகீழாக நீரில் பாயும். ஆலா விழும் இடத்தில் மீன்கூட்டம் உண்டு என்பது கடலோடிகளின் கணக்கு. பறவை பார்த்தல் என்பது ஓய்வுள்ளோர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். கடலோடிக்கு அது பிழைப்பு. பிழைப்பாக இருந்ததால்தான் அந்தக் கண் கூர்மையாயிற்று.

தனுஷ்கோடி ஒருகாலத்தில் துறைமுகமாக விளங்கிற்று. 1914 முதல் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் ஊரையும் இருப்புப்பாதையையும் துறையையும் கொண்டுபோயிற்று. மனிதர் வரத்து நின்றது. பறவைகளின் வரத்து நிற்கவில்லை. கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் ஆண்டுதோறும் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. 2025இல் தமிழ்நாடு அரசு அவ்விடத்தைப் பூநாரைகளுக்குரிய சரணாலயமாக அறிவித்தது.

பூநாரை ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதாக ஏடுகளும் மேடைகளும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இன்று காட்டுப் பூநாரையே கிடையாது. இந்தியாவில் அவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் வளைகுடாவுக்கு வடக்கேயுள்ள உப்பு வெளியில். அதுபோலவே, வலசைப் பறவைகள் இங்கே இனம் பெருக்க வருகின்றன என்பதும் பரவலான பிழை. வேடந்தாங்கலில் கூடு கட்டுபவை பெரும்பாலும் இந்நாட்டுப் பறவைகளே. வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் கடற்காகங்களும் இங்குக் கூடு கட்டுவதில்லை. இரை தேடி, இறகு மாற்றி, உடலில் கொழுப்புச் சேர்த்து, திரும்பும் பயணத்திற்கு ஆயத்தமாகவே வருகின்றன. தமிழ்நாடு அவற்றுக்குப் பிறந்தகம் அன்று. ஆண்டின் பாதியைக் கழிக்கும் புகலிடம் அது.

இதில் கவிஞர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. வலசைப் பறவைகளுள் பெரும்பாலானவை தம் பாட்டை வடக்கிலேயே விட்டு வருகின்றன. காதலுக்குரிய நிறமும் இசையும் அங்கே. இங்கே காணப்படுவது மங்கிய உடையும், உழைப்பும், சுருங்கிய எச்சரிக்கைக் குரலும். கூடும் குஞ்சும் கொஞ்சும் மொழியுமாகப் பறவையைப் பாடிப் பழகிய கவிதைக்கு இந்தப் பனிக்காலப் பறவை அடங்குவதில்லை. அது பிழைக்க வந்த உயிர்.

பிழைக்க வருவதைத் தமிழ் வலசை என்றது. அச்சொல் பறவைக்கு மட்டும் உரியதன்று. வேற்று நிலம் நாடிக் குடிபெயர்ந்த மனிதர்க்கும் உரியது. இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் வழியில் பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை என ஊர்ப்பெயர்களே உள்ளன. எந்தக் காலத்திலோ இடம்பெயர்ந்து வந்த மாந்தர், வந்த செய்தியையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டனர். அவ்வூர்களின் கரையில்தான் பனிக்காலப் பறவைகளும் இறங்குகின்றன. மனிதப் பெயர்ச்சியையும் பறவைப் பெயர்ச்சியையும் ஒரே சொல்லால் கண்ட மொழி, பறவையை அயலாகக் கருதவில்லை என்பது தெளிவு.

சங்கப் புலவர் புதிதாய் வரும் நாரையை ‘வம்ப நாரை’ என்றனர். வம்பு என்பது புதுமை. புறநானூற்றில் பிசிராந்தையார் பாடலின் அன்னம் குமரிக்கடலில் இரையுண்டு வடமலை நோக்கிச் செல்வது. சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட நாரையும் குமரிக்கும் வடதிசைக்கும் இடையே போய்வருவதே. அப்புலவர் அதன் காலையும் அலகையும் சொல்லும் முறையைக் கொண்டு அது செங்கால் நாரையே என்று இன்றும் அடையாளம் காண முடிகிறது. பசியில் வாடிய புலவன், மனைவிக்குச் செய்தி சொல்ல வேண்டிய துயரவேளையிலும் பறவையின் அலகைச் சரியாகப் பார்த்திருக்கிறான். அந்தச் சரியான பார்வையே துயரத்தை நம்ப வைக்கிறது. பி. எல். சாமி அவர்கள் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில் இத்தகைய குறிப்புகளை ஆராய்ந்து, பாட்டில் வரும் புள் எது என்று அடையாளம் காட்ட முயன்றார். அவருக்கு அது இயன்றதென்றால், பழம்புலவர் பார்த்து எழுதினர் என்பதே காரணம்.

இன்றைய கவிதைத் தொகுப்புகளை வைத்து அப்படியொரு நூல் எழுத முடியுமா? ‘ஒரு பறவை’, ‘பெயர் தெரியாத பறவை’, ‘சிறகு’, ‘வானம்’ என்பனவே மிகுதி. பெயர் தெரியாமையே கவித்துவம் என்று கருதும் போக்கும் வளர்ந்திருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதனைப் புறக்கணித்தல் முறையன்று. கவிதை என்பது உயிரியல் பாடம் அன்று; பறவைப் பெயர்களை அடுக்கினால் பட்டியல் கிடைக்குமே தவிரப் பாட்டு கிடைக்காது; பறவை குறியீடாக நிற்கும்போது அது எந்தப் பறவை என்ற கேள்விக்கே இடமில்லை என்பர். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பாதி உண்மை. குறியீடு வலிமை பெறுவது பொருளிலிருந்துதான். மலை உள்ளான் என்று சொன்னால் மறைவும் அந்தியும் சருகும் உடன் வருகின்றன. பழுப்புத்தலைக் கடற்காகம் என்றால், பெயரில் இருப்பது உடலில் இல்லாத ஒரு பருவத்தின் வெறுமை உடன் வருகிறது. வெறும் பறவை என்றால் ஏற்கெனவே படிப்பவர் மனத்தில் உள்ள தேய்ந்த படம் மட்டுமே வருகிறது. பெயர் கவிதைக்கு அணி அன்று. அது கவிஞர் அங்கே நின்று பார்த்தார் என்பதற்கான சான்று.

மேலும் இது கவிதைக்கு மட்டும் உரிய வழக்கன்று. பெயரில்லாத உயிர் மறைந்தால் எவரும் கேட்பதில்லை. பழனிமலையின் மேற்பகுதியில் சோலையும் புல்வெளியும் மாறிமாறி அமைந்திருந்தன. புல்வெளியைப் பயனற்ற தரிசென்று கருதி, சீகையும் தைலமரமும் பைன் மரமும் அங்கே வளர்க்கப்பட்டன. 1970களுக்குப் பின் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் புல்வெளி மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு காட்டுகிறது. மரம் நடுவது எங்கும் நன்று என்று பாடிய பாடல்களுக்கும் அந்த மனப்பான்மையில் பங்குண்டு. புல்வெளிக்குரிய நெட்டைக்காலியின் பெயரையும் அதன் வாழ்வையும் அறிந்த கவிஞர் நால்வர் அன்று இருந்திருந்தால், மரம் நடப்படும் இடத்தைப் பற்றிய ஒரு கேள்வியாவது தமிழில் எழுந்திருக்கும். 2013இல் கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வேலி போடும். சொல் போனால் அதனைத் திருப்பித் தராது.

நம்பிக்கை தரும் சான்றுகளும் உள. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பகுதியில் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வழக்கத்தைக் காப்பது ஊராரின் மனம்தான். கோடியக்கரையில் சாலிம் அலி வழிநின்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்தனர். 2002இல் அச்சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழ்நாடெங்கும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். திருநாளோடு பறவையைச் சேர்த்த அந்த எண்ணம் பாராட்டுக்குரியது. 

மா. கிருஷ்ணனையும் இங்கு நினைக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1950 முதல் 1996இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் இயற்கை பற்றி எழுதினார். அவர் தமிழிலும் எழுதினார்; அக்கட்டுரைகள் அவர் மறைவுக்குப் பின்னரே ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என நூலாயின. தமிழ் இலக்கியக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்நாட்டுக் காட்டை வாழ்நாள் முழுவதும் பார்த்த ஒருவருடைய எழுத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. அவரைத் தமிழில் தொடர்ந்து எழுத வைக்கத்தக்க களம் அமையவில்லை என்பது இலக்கிய வட்டங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய குறை.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் செய்யக்கூடிய சிறு பணி ஒன்றுண்டு. பொது ஏடு ஒன்று தொடங்கப்பெறலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கண்மாயில், துறையில், மலைப்பாதையில் பனிக்காலத்தில் கண்ட பறவையையும், கண்ட நாளையும், அவ்வூரார் அதற்கு வழங்கும் பெயரையும் அதில் எழுதலாம். வலை இழுப்பவர், உப்பளத்தில் உழைப்பவர், ஆடு மேய்ப்பவர், வெள்ளகவிப் பாதையில் சுமையோடு ஏறுபவர் ஆகியோரே அந்த ஏட்டுக்கு ஆசிரியர்கள். அவர்களுள் முதியோர் மறையுமுன் கேட்டால்தான் உண்டு. ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். அது அகராதிக்கு வரவு. அதன் பின்னே ஒரு பறவையின் நடையும் உணவும் காலமும் இருக்கும்.

வட்டத்தார் இந்த ஏட்டை வரும் ஐப்பசியில் தொடங்கினால், பங்குனியில் கடற்காகத்தின் தலையில் பழுப்பு நிறம் ஏறும்போது முதல் ஆண்டுக் குறிப்புகள் நிறைவு பெறும். அதிலிருந்து கவிதை பிறக்குமா என்பது கவிஞர் பாடு. பார்த்தவர் எழுதினால் அது பார்த்ததாக இருக்கும் என்பது மட்டும் உறுதி.